எண்பத்து நான்காவது சாவு

படத்தில் அவருடைய கண்கள் மூடியிருந்தன.

ஓசூர் சிப்காட் கேட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடை. காலை ஷிப்டுக்குப் போகிற கூட்டம் கலைந்து, பாய்லர் மட்டும் சீறிக்கொண்டிருந்த நேரம். கடைக்காரர் ஆஞ்சப்பன் இப்போதுதான் போனில் எடுத்த செல்ஃபியைத் திருப்பிக் காட்டினார். ஒரே பெஞ்சில் இரண்டு பேர். ஆஞ்சப்பன் ஈயென்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோவிந்தப்பன், கையில் டீ கிளாஸோடு, நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா, நீயே கண்ண மூடிட்டியே! யார்கிட்ட சொன்னாலும் நம்பமாட்டான்" என்றார் ஆஞ்சப்பன்.

வேடிக்கையாகப் பேசிவிட்டுப் போகிற விஷயம் இல்லை அது. கோவிந்தப்பனின் பிழைப்பே அந்தக் கண்தான். இதே சிப்காட்டில் பத்தரை வருடம் லேத் ஓட்டியவர். தொழிற்சாலைக்குள் சண்டைக்காட்சி எடுக்க ஒரு கன்னடப் படக் கோஷ்டி வந்தபோது, வேடிக்கை பார்த்த நூறு பேரில் வெல்டிங் பொறி தெறித்தும் இமைக்காமல் நின்றவர் இவர் ஒருவர்தான். ஸ்டண்ட் மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். மறுநாளே வில்லனுக்குப் பின்னால் நிற்கிற ஆள் ஆகிவிட்டார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓசூர்க்காரருக்கு வாயில் இருக்கும். குரல் கொடுக்க வேறு ஆள் தேடவேண்டாம் என்பதால் மூன்று மாநிலத்திலிருந்தும் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுக் கொன்றார்கள். லாரி ஏற்றிக் கொன்றார்கள். தண்ணீர்த் தொட்டி மேலிருந்து தள்ளினார்கள். கிரேனில் தொங்கவிட்டார்கள். ஒரு தெலுங்குப் படத்தில் ஹீரோ வீசிய தேங்காய் நெற்றியில் பட்டே செத்திருக்கிறார். மொத்தம் எண்பத்து மூன்று சாவு. ஒன்றில்கூடக் கண்ணை மூடிக்கொண்டு சாகவில்லை. விழித்த கண்ணோடு விழுந்து கிடப்பதைப் பார்க்கத்தான் ஜனங்கள் வந்தார்கள்.

எண்பத்து நான்காவது சாவு முந்தின நாள் நடந்திருந்தது.

அது நடந்திருக்கவே கூடாது. டைரக்டர் ஹரீஷ்குமார் கதை சொன்ன அன்றைக்கே, "சார், இந்தப் படத்துல உங்களுக்குச் சாவு கிடையாது. கடைசி ஷாட்டுல நாற்காலியில உக்காந்து நேரா கேமராவப் பாக்கறீங்க, படம் முடியுது" என்று சூடம் அடிக்காத குறையாகச் சொல்லியிருந்தார். அதற்காக வேறு இரண்டு படங்களை விட்டார் கோவிந்தப்பன். ஒரு படத்திலாவது கடைசி வரை உயிரோடு இருக்கவேண்டும். இருபத்தெட்டு வருடத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான். சூளகிரிக்குப் பக்கத்தில் மூடிக்கிடக்கிற கிரானைட் ஷெட்டில் கடைசி நாள் படப்பிடிப்பு. போய் இறங்கினால் நாற்காலியைக் காணோம். அந்த இடத்தில் ஒரு ஃப்ரீசர் பெட்டி இருந்தது. வில்லன் பிழைத்துப் போனால் ரசிகர்கள் திரையைக் கிழித்துவிடுவார்கள் என்று ஹீரோ தரப்பில் சொல்லிவிட்டார்களாம். ஹரீஷ்குமார் அவர் கண்ணிலேயே படவில்லை. அசோசியேட் டைரக்டர் சுபாஷ்தான் கையைப் பிசைந்துகொண்டு வந்து சொன்னார்.

பெட்டி சினிமாவுக்குச் செய்தது இல்லை. சாவு வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிற நிஜப் பெட்டி. அவருக்கு மூக்கில் பஞ்சு வைத்தார்கள், தாடையை வெள்ளைத் துணியால் கட்டினார்கள், கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள், நெற்றியில் ஒரு காசை ஒட்டினார்கள். படுத்தபோது, தோளில் தொடங்கி இடுப்பு, தொடை, குதிகால் என்று உடம்பு பலகையில் படிந்த இடமெல்லாம் குளிர் ஏறியது. பினாயில் நாற்றத்துக்கு அடியில், யாருக்கோ போட்டு யாரோ எடுத்தெறிந்த சம்பங்கி மாலையின் அழுகல் வாடை இருந்தது. கண்ணாடி மூடியை இறக்கினார்கள். வெளியே இருந்த எல்லாச் சத்தமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனது.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. செத்து நடித்தவர் 'கட்' சொன்னதும் எழுந்து போய்விடக் கூடாது. கேமராவை நிறுத்தமாட்டார்கள். எழுந்து உட்கார்ந்து லென்ஸைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கவேண்டும். நான் சாகவில்லை, சும்மா நடித்தேன் என்று அதற்குக் காட்டிவிடுவது. அப்புறம் பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். சாமியாவது பூதமாவது என்று பேசுகிற டைரக்டர்கூட இந்த ஒன்றில் வாயைத் திறக்கமாட்டார். எண்பத்து மூன்று தடவையும் கோவிந்தப்பன் கடனே என்று பல்லைக் காட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

"அண்ணே, ஒரு சிரிப்பு. ரெண்டே செகண்டு" என்றார் சுபாஷ்.

கோவிந்தப்பன் பெட்டிக்குள் எழுந்து உட்கார்ந்தார். தாடைக்கட்டைப் பிய்த்தெடுத்தார். லென்ஸ் பக்கம் திரும்பவில்லை.

"எவன் என்னக் கொல்லணும்னு சொன்னானோ அவனக் கூட்டினு வந்து சிரிக்கச் சொல்லு. எனக்கு இதுல சிரிக்க ஒண்ணுமில்ல."

துணியைப் பூசணிக்காய் மேல் வீசிவிட்டு நடந்தார். அந்த நடை அவருக்குப் பிடித்திருந்தது. எந்த டைரக்டரும் அவருக்குக் கொடுக்காத நடை.

காரில் திரும்பும்போது மனைவி முனிலட்சுமி போன் செய்தாள். அவர் செத்து நடிக்கிற ஒவ்வொரு நாளும் கேட்கிற கேள்விதான்.

"ஏங்க, எழுந்து சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன், சிரிச்சேன். வை போன."

இப்போது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தபோது, அந்தப் பொய் ஞாபகம் வந்தது. கோவிந்தப்பன் அதை டீயோடு சேர்த்து விழுங்கினார்.

"உன் போனு ஓட்டை போனு. புதுசு வாங்கு" என்று ஆஞ்சப்பனிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

இரண்டாவது படம் வெள்ளிக்கிழமை எடுத்தார்கள்.

வால்வு செய்கிற ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு வார விழா. இருபத்தெட்டு வருடமாக ஆட்களை மெஷினுக்குள் தள்ளி நடித்தவரைக் கூப்பிட்டு, ஹெல்மெட் போடுங்கள், கையுறை மாட்டுங்கள் என்று தொழிலாளர்களுக்குப் புத்தி சொல்லச் சொன்னார்கள். நன்றாகவே பேசினார். விசில் அடித்தார்கள். மத்தியான வெயிலில் தகரக் கூரை தகித்தது, மெஷின் எண்ணெயும் சாப்பாட்டுக் கூடத்துச் சாம்பாரும் கலந்து வாசனை வந்துகொண்டிருந்தது, பக்கத்தில் நின்ற மேனேஜர் கழுத்தைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டையைப் பிழிகிற நிலைக்கு வந்துவிட்டார். கோவிந்தப்பனின் முதுகு மட்டும் தோளிலிருந்து குதிகால் வரை ஜில்லென்று இருந்தது. அவருக்கு மாலை போட்டார்கள். ரோஜா மாலைதான். அதில் சம்பங்கி வாடை அடித்தது.

மேடையிலிருந்து இறங்கும்போது தடுமாறினார். இடது காலை எடுத்து வைத்தால் வலது கட்டைவிரலும் கூடவே இழுபட்டு வந்தது. குனிந்து ஷூவைப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

கார் ஏறப் போனவரை எச்.ஆர். அதிகாரி சத்யப்ரியா ஓடிவந்து நிறுத்தினாள்.

"சார், எங்க பசங்க யாரோ ஏஐ-ல வெளையாடியிருக்காங்க. கோவிச்சுக்காதீங்க. ஆனா செம பினிஷிங் சார்!"

அவள் நீட்டிய போனில், மேடையில் பதினோரு பேர் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் நின்றவரின் தாடையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. மூக்கில் பஞ்சு. நெற்றியில் காசு. மேனேஜர் அவர் தோளில் கை போட்டிருந்தார்.

"இத அழிச்சிடும்மா."

"ஐயோ சார், அது எப்பவோ எல்லா குரூப்புக்கும் போயிடுச்சே" என்றாள் சத்யப்ரியா, அது ஏதோ அவருக்கு நல்ல சேதி மாதிரி.

ஏஐ-தான். வேறென்ன. வீடு வரும் வரை கோவிந்தப்பன் அதையே சொல்லிக்கொண்டார். ஹரீஷ்குமார் ஆட்களின் வேலையாக இருக்கும், சிரிக்காமல் போனதற்குப் பழி வாங்குகிறார்கள். வாங்கட்டும். இதைவிடப் பெரிய ரவுடிகளை எல்லாம் பார்த்தவர் அவர். பார்த்தவர் என்ன, அவர்களாகவே நடித்தவர். ராத்திரி தோசை சாப்பிடும்போது தாடை திறக்க மறுத்தது. கையால் பிடித்து இழுத்துத் திறந்தார். முனிலட்சுமி பார்க்கவில்லை.

மூன்றாவது படத்தை எடுத்தவள் முனிலட்சுமியேதான்.

லேத் ஓட்டிய காலத்துக்கு அவருக்கு ஒரு சின்ன பென்ஷன் வருகிறது. அதற்காக வருடத்துக்கு ஒரு தடவை, நான் உயிரோடு இருக்கிறேன் என்று போனில் முகத்தைக் காட்டிப் பதியவேண்டும். சனிக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து, ஹால் சோபாவில் அவரை உட்காரவைத்து அவள் போனைப் பிடித்தாள். திரையில் ஒரு வட்டம் வந்தது. 'கண்களைச் சிமிட்டவும்' என்று எழுத்து வந்தது.

"சிமிட்டுங்களேன். இது என்னா சூட்டிங்கா?" என்றாள் முனிலட்சுமி.

சிமிட்டினார். வட்டம் சிவப்பாக மாறியது. அவள் போனைத் திருப்பித் தன் பக்கம் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். தெருவில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி தக்காளி, தக்காளி என்று கத்திக்கொண்டு வந்து, வீட்டைத் தாண்டி, மூலையில் திரும்பித் தேய்ந்து போனது. அதுவரைக்கும் அவள் தலையைத் தூக்கவில்லை.

கோவிந்தப்பன் போனை வாங்கினார். ஃப்ரீசர் பெட்டி. கண்ணாடியில் பனி. உள்ளே அவர். சுற்றிலும் தலைவிரிகோலமாகப் பெண்கள். தலைமாட்டில், கண்ணாடி மேல் நெற்றியை வைத்துக் கவிழ்ந்திருந்தவள், இப்போது எதிரே நிற்கிறவள் கட்டியிருந்த அதே பச்சைப் புடவையைக் கட்டியிருந்தாள்.

"இது நான்" என்றாள் முனிலட்சுமி.

"ஏஐ-யாம் இது. நேத்து கம்பெனியிலயும்..."

"என் போன்ல யாருங்க வந்து ஏஐ பண்ணான்? இப்பதான நான் எடுத்தேன்?" அவள் குரல் உயரவில்லை. "சிரிச்சீங்களா, இல்லியா?"

பொய் இந்தத் தடவை வரவில்லை.

"இல்ல."

அவள் அழுவாள் என்று நினைத்தார். கோபம்தான் வந்தது அவளுக்கு.

"எம்பத்து மூணு தடவ சிரிச்ச வாயி. இன்னொரு தடவ சிரிச்சா கோணிக்குமா?"

"ஏமாத்திட்டானுங்க முனி. சாவு இல்லன்னு சொல்லி வரவெச்சானுங்க."

"கோவத்த அவனுங்ககிட்ட காட்டு. அதுங்கிட்ட ஏன் காட்டின?"

எதனிடம் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவர் போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். இதற்கு முன்னால் யார் யார் படம் எடுத்தார்கள் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். டீக்கடை. தொழிற்சாலை. விரலை மடக்கினாள்.

"கண்ண மூடியாச்சு. வாய் கட்டியாச்சு. பொட்டில வெச்சாச்சு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு காரியம் முடியுதுங்க. இன்னும் தூக்கறது ஒண்ணு." அடுத்த விரலில் நிறுத்தினாள். "அதுக்கப்பறம் ஒண்ணுதான்."

அவர்கள் ஊரில் எரிக்கிற வழக்கம் இல்லை. புதைப்பதுதான்.

பயம் ஏறினால் கோவிந்தப்பனுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "பாத்துடலாம் அதையும்" என்று போனை எடுத்தார். முனிலட்சுமி கையைப் பிடிப்பதற்குள் தன்னைத்தானே ஒரு படம் எடுத்துவிட்டார்.

படத்தில் முகமே இல்லை. வானம் இருந்தது. கரண்டுக் கம்பி. படத்தின் நாலு மூலையிலும் நாலு ஆண்களின் தோள்கள். காற்றில் நின்ற மஞ்சள் பூக்கள்.

முனிலட்சுமி போனை வாங்கி அணைத்தாள். அவருடையதையும் அணைத்தாள். வாசல் கேமராவின் ஒயரைப் பிடுங்கினாள். அப்புறம் தன் போனை மட்டும் மறுபடி உயிர்ப்பித்து, கேமராப் பக்கத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, சுபாஷைக் கூப்பிட்டு, கோவிந்தப்பனிடம் கொடுத்தாள்.

"அண்ணே, நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார் சுபாஷ். அவர் குரலே சரியில்லை. "எடிட்டிங்ல அந்த டேக்க ஓட்டிப் பாத்தோம். நீங்க எழுந்திரிக்கவே இல்லண்ணே. நாலு நிமிஷம் ஓடுது. கடைசி வரைக்கும் படுத்தேதான் கெடக்குறீக. பூசணிக்கா மேல துணி மட்டும் வந்து விழுது."

கோவிந்தப்பன் தாடையைத் தடவிப் பார்த்தார்.

"ஷெட்டுக்கு வாங்கண்ணே. அதே பெட்டி, அதே கேமரா. படுத்து எழுந்திரிச்சு ஒரே ஒரு சிரிப்பு. பெட்டி ஒரு சாவு வீட்டுக்குப் போயிருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திரும்பும். அதுவரைக்கும் எந்தக் கேமராவுலயும் விழுந்துறாதீக."

ஐந்து மணிக்குக் கிளம்பினார்கள். முகக்கவசம், தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தோளில் ஒரு துண்டு. முனிலட்சுமிக்குக் கார் ஓட்டத் தெரியாது, கோவிந்தப்பனே ஓட்டினார். ஷிப்டு விட்டுப் போகிற கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் கிருஷ்ணகிரி சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தன, வலது காலால் பிரேக்கை மிதித்தால் இடது காலும் இழுபட்டு வந்து பெடல் மேல் ஏறியது, கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டும் சம்பங்கி வாடை காருக்குள் கனத்துக்கொண்டே வந்தது, லாரி ஹாரன்களுக்கு நடுவே, ஒரு ஹாரன் நின்று இன்னொன்று தொடங்குவதற்குள் இருக்கிற சின்ன இடைவெளியில், எங்கோ தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. எங்கோ இல்லை. பின்சீட்டுப் பக்கத்திலிருந்து. பாடைக்கு முன்னால் நடந்து வருகிறவர்கள் அடிக்கிற அடி.

"உனக்குக் கேக்குதா?"

"ரோட்டப் பாருங்க" என்றாள் முனிலட்சுமி. அவளுக்கும் கேட்டது என்று அவருக்குத் தெரிந்தது.

பேரண்டப்பள்ளி தாண்டியதும் வண்டிகள் நின்றன. முன்னால் ஒன்று, அதற்கு முன்னால் நூறு. வனத்துறை ஆட்கள் கையில் தடியோடு ரோட்டின் குறுக்கே நின்று ஹாரன் அடிக்காதே என்று சைகை காட்டினார்கள். சானமாவு காட்டு யானைகள் ரோட்டைக் கடக்கின்றன. இன்ஜின்களை அணைத்தார்கள். திடீரென்று அவ்வளவு பெரிய ரோட்டில் சத்தமே இல்லை.

கதவுகள் திறந்தன. ஜனங்கள் இறங்கினார்கள். ஒவ்வொருவர் கையிலும் போன்.

"குனிஞ்சுக்கங்க" என்றாள் முனிலட்சுமி. துண்டை இழுத்து அவர் தலைமேல் போட்டாள்.

துண்டுக்குள் அவருடைய மூச்சு அவருக்கே திரும்பி வந்தது. அது குளிர்ந்திருந்தது. வெளியே காலடிகள். சரளைக்கல் நசுங்கும் சத்தம். யானை, யானை, அஞ்சு, குட்டியோட ஆறு. பிறகு சிரிப்பு, பேச்சு. யானைகள் போய்விட்டன. வண்டிகள் இன்னும் நகரவில்லை. கார்க் கண்ணாடியில் ஒரு விரல் தட்டியது.

"அண்ணா, உள்ள யாரு? ஒடம்பு சரியில்லியா?"

"ஒண்ணுமில்லப்பா, போ" என்றாள் முனிலட்சுமி.

தட்டியவன் குனிந்து பார்த்தான். எதைக் கண்டு அடையாளம் தெரிந்ததோ. ஸ்டியரிங் மேல் இருந்த கையாக இருக்கும். எத்தனை பேர் கழுத்தை நெரித்த கை அது.

"டேய், கோவிந்தப்பன்டா!"

அவ்வளவுதான். பஸ்ஸிலிருந்து இறங்கினவர்கள், லாரிக்காரர்கள், பைக்கில் வந்தவர்கள். காரின் நாலு பக்கக் கண்ணாடியிலும் கைகள். கைகளில் வெளிச்சச் சதுரங்கள். "சார், ஒந்து போட்டோ சார்." "தலைவா, வில்லன் சிரிப்பு ஒண்ணு." முன்கண்ணாடி மேல் ஒருவன் கவிழ்ந்தான். தப்புச் சத்தம் நின்றது. அது நின்றதுதான் அவரை அதிகம் நடுங்கவைத்தது. இடுகாடு வந்ததும் நிறுத்திவிடுவார்கள்.

ஷெட்டுக்கு இன்னும் எத்தனையோ கிலோமீட்டர். இங்கே எவனாவது ஒருவன் இந்த நிமிடமே அமுக்கிவிடுவான். தடுக்க முடியாது. துண்டுக்குள் குனிந்து மறைந்துகொண்டிருக்கும்போதே அமுக்கிவிடுவான். அப்படியா போவது? எண்பத்து நாலு தடவை அவனவன் சொன்ன இடத்தில் விழுந்து, அவனவன் காட்டின பக்கம் பார்த்துச் செத்தாகிவிட்டது. கோவிந்தப்பனுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். மூன்று நாளாக உடம்பில் இல்லாத சூடு அதில் இருந்தது.

துண்டை எடுத்தார். கறுப்புக் கண்ணாடியை, தொப்பியை, முகக்கவசத்தைக் கழற்றினார்.

"வேணாங்க" என்று முனிலட்சுமி சட்டையைப் பிடித்தாள்.

"அவனுங்க பொட்டில படுத்து எழுந்து அவனுங்களுக்குச் சிரிக்கமாட்டேன் முனி. இங்க சிரிக்கறேன். எனக்காக."

கதவைத் திறந்து இறங்கினார். கூட்டம் ஓவென்று கத்திப் பின்வாங்கி வட்டம் கட்டியது. ஐம்பது போன்கள் இருக்கும். கோவிந்தப்பன் கையைத் தூக்கினார்.

"போட்டோ வேணாம். எல்லாரும் வீடியோ வைங்க. வெச்சாச்சா?"

வைத்தார்கள். ரோட்டோர மண்ணில் காலை அகட்டி நின்றார். ஒவ்வொரு லென்ஸாகப் பார்த்தார். பார்த்துச் சிரித்தார்.

பல்லைக் காட்டுகிற சிரிப்பு இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது. லாரிக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு, கிரேனுக்கு, தேங்காய்க்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சிரித்தார். கொடுக்காத நாற்காலிக்குச் சிரித்தார். காடு அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. சிரிக்கச் சிரிக்க முதுகில் வெயில் பட்ட மாதிரி குளிர் விட்டது. கட்டைவிரல்கள் பிரிந்தன. தாடை லேசானது. ஜெயித்துவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்துவிட்டு நிறுத்தினார்.

கைதட்டினார்கள். விசில்.

"காட்டு" என்று பக்கத்தில் நின்றவனிடம் கையை நீட்டினார். "எப்பிடி வந்திருக்கு, காட்டு."

அவன் வீடியோவை ஓடவிட்டுக் கொடுத்தான்.

அதில் ரோடு இருந்தது. நின்ற லாரிகள் இருந்தன. ஐம்பது பேர் வட்டம் கட்டி நின்றார்கள். போன்களைத் தாழ்த்திப் பிடித்திருந்தார்கள். தரையைப் பார்த்து.

நடுவில் அவர் இல்லை.

புது மண். செம்மண். ஆள் நீளத்துக்கு மேடு. மேலே பால் ஊற்றிய ஈரம். கிழிந்த மாலை.

சிரிப்பு கேட்டது. அவருடைய சிரிப்பு. மேட்டுக்கு அடியிலிருந்து. ஒவ்வொரு சிரிப்புக்கும் மண் ஏறியது. இறங்கியது.

"செமையா இருக்கு சார். ஏஐ-யா?" என்றான் போன்காரன்.

அடுத்தவன் போனைப் பிடுங்கினார். மேடு. அதற்கடுத்தது. மேடு. எல்லாப் போன்களிலும் வீடியோ முடிந்துவிட்டது. சிரிப்பு முடியவில்லை. அது இப்போது போன்களிலிருந்து வரவில்லை.

வட்டத்தை விலக்கிக்கொண்டு முனிலட்சுமி வந்தாள். அவரைத் தாண்டி வந்தாள். அவர் தோளில் இடித்தும் பார்க்கவில்லை. அவர் நின்று சிரித்த இடத்தில் மண்டியிட்டாள்.

"சிரிச்சிட்டாருங்க!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "எம் புருசன் சிரிச்சிட்டாரு! உள்ள உயிரோட இருக்காரு! யாராச்சும் வந்து எடுங்களேன்!"

கோவிந்தப்பன் அவளைக் கூப்பிட வாயைத் திறந்தார். வாய் நிறைய மண் இருந்தது.

அவள் இரண்டு கையாலும் தோண்டினாள். வளையல் உடைந்து கையில் ரத்தம் வந்தது. நிறுத்தாமல் தோண்டினாள். குழிக்குள்ளிருந்து சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. சுற்றி நின்ற ஐம்பது பேரில் ஒருவர்கூடக் குனியவில்லை. எல்லாரும் நன்றாகத் தெரியவேண்டும் என்று போனைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்கள்.